ஒரு காய்ந்த செடியும் 180 வருடங்களும்

1839ஆம் வருடம். பாரிஸில் இருக்கும் தாவரவியல் அருங்காட்சியகத்தில், 28 வயது அமெரிக்கர் ஒருவர் பழைய செடிக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பெயர் ஏசா கிரே. பிற்காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய தாவரவியலாளர் என்று பெயரெடுத்து, டார்வினுக்கு நெருங்கிய நண்பரும் ஆனவர். ஆனால் அப்போது அவர் ஐரோப்பாவுக்கு வந்திருந்தது, புதிதாக ஆரம்பித்த மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் புத்தகம் வாங்கிப் போக! வந்த இடத்தில் கிடைத்த நேரத்தையெல்லாம் ஹெர்பேரியங்களில் கழித்தார்.

ஹெர்பேரியம் என்றால் வேறொன்றுமில்லை. செடியை வேரோடு எடுத்து, காகிதங்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, காயவைத்து, ஒரு தாளில் ஒட்டி, ஓரத்தில் ஒரு சீட்டு: எங்கே எடுத்தது, எப்போது, யார் எடுத்தது. அவ்வளவுதான். பள்ளியில் நோட்டுப் புத்தகத்துக்குள் இலையை வைத்துக் காயவைத்திருக்கிறோமே, அதேதான், கொஞ்சம் ஒழுங்காக. இந்தத் தாள்கள் ஆயிரக்கணக்கில் அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கும். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டால் இருநூறு வருடமானாலும் இருக்கும்.

கிரேவுக்கு இதில் ஒரு கட்டாயமும் இருந்தது. அவரும் அவருடைய ஆசான் ஜான் டோரியும் சேர்ந்து வட அமெரிக்கத் தாவரங்கள் அனைத்துக்கும் ஒரு பெரிய நூல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கச் செடிகளைப் பற்றி எழுத ஐரோப்பாவுக்கு ஏன் வர வேண்டும்? ஏனென்றால் அந்தச் செடிகளுக்கு முதலில் பெயர் வைத்தவர்கள் ஐரோப்பியர்கள். அவர்கள் எந்தச் செடியைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது அங்கேயிருந்த தாள்களில்தான் இருந்தது. சரக்கு ஒரு கண்டத்தில், கணக்குப் புத்தகம் இன்னொரு கண்டத்தில் என்பது போன்ற நிலைமை.

பாரிஸில் கிரே பார்த்துக்கொண்டிருந்தது ஆந்த்ரே மிஷோவின் தொகுப்பு. அதில் அடையாளம் தெரியாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவற்றுக்கு நடுவே ஒரு தாள். சில இலைகள், ஒரே ஒரு காய். பூ கிடையாது. பெயர் கிடையாது. கரோலினாவின் உயர்ந்த மலைகளில் எடுத்தது என்று மட்டும் பிரெஞ்சில் எழுதியிருந்தது. இது பைரோலா என்ற செடி வகையாக இருக்குமோ, அல்லது புதுப் பேரினமோ என்ற சந்தேகமும் குறிக்கப்பட்டிருந்தது.

கிரே பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார், இது யாரும் விவரித்திராத ஒன்று.

இங்கே மிஷோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1746ல் வெர்சாய் அரண்மனைக்குப் பக்கத்தில் பிறந்தவர், விவசாயக் குடும்பம். 1785ல் பிரெஞ்சு மன்னர் இவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். பிரான்சின் காடுகளுக்குப் பயன்படும் மரங்கள் அங்கே இருக்கின்றனவா என்று பார்த்து, விதையும் கன்றும் அனுப்ப வேண்டியது வேலை. சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டம் போட்டுக்கொண்டு, பதினோரு வருடம் அலைந்தார். நடுவில் பிரெஞ்சுப் புரட்சி வந்து அனுப்பிய மன்னருக்கே தலை போய்விட்டது, சம்பளமும் நின்றுபோனது. 1796ல் ஊர் திரும்பும்போது ஹாலந்துக் கரையில் கப்பல் உடைந்து, உயிர் பிழைத்ததே பெரிது என்றாகிவிட்டது. கொண்டுவந்த செடித் தாள்கள் கடல் தண்ணீரில் ஊறிப்போயின. அவற்றைக் கழுவி, மறுபடி காயவைத்துக் காப்பாற்றினார். அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. இன்னொரு கப்பலேறி மடகாஸ்கர் வரை போய் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். வட அமெரிக்கத் தாவரங்கள் பற்றிய அவருடைய நூல் 1803ல் வெளிவந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. அந்த நூலிலும் இந்தச் செடி இடம்பெறவில்லை. காய்ந்த தாளாக மட்டும் அலமாரியில் கிடந்தது.

சரி, கிரேவுக்கு வருவோம். ஊர் திரும்பிய கிரே 1842ல் டோரியோடு சேர்ந்து அந்தச் செடிக்கு ஷார்ட்டியா கேலாசிஃபோலியா என்று பெயரிட்டார். கேலாக்ஸ் என்று அதே மலைகளில் சாதாரணமாக வளரும் ஒரு செடி உண்டு. அதன் இலையைப் போன்ற இலை என்பது இரண்டாம் பகுதியின் அர்த்தம். முதல் பகுதி, கெண்டக்கியில் இருந்த மருத்துவரும் தாவரவியலாளருமான சார்ல்ஸ் வில்கின்ஸ் ஷார்ட்டின் நினைவாக. பெயருக்கு உரிய ஷார்ட் 1863ல் இறந்துபோனார். தன் பெயர் கொண்ட செடியை அவர் உயிரோடு பார்த்ததே இல்லை. பார்த்திருக்கவும் முடியாது, அது எங்கே இருக்கிறது என்று அப்போது எந்தத் தாவரவியலாளருக்கும் தெரியாது!

பூவே பார்க்காமல், ஒரு காயையும் சில இலைகளையும் வைத்துப் புதுப் பேரினமே அறிவிப்பது துணிச்சல்தான். தாவர வகைப்பாட்டில் பூதான் முதல் சாட்சி. அது இல்லாமல் எழுதியதால், அந்தச் செடியைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு கிரேவின் தலையில் விழுந்தது. பெயர் வைப்பதற்கு முந்தைய வருடமே, 1841ல், வட கரோலினா மலைகளில் ஏறித் தேடிவிட்டார். கிடைக்கவில்லை. 1843ல் மறுபடி அந்த மலைத்தொடருக்குப் போனார். இல்லை. மற்றவர்களிடமும் சொல்லி வைத்தார். யாருக்கும் கிடைக்கவில்லை. இப்படி ஒரு செடி உண்மையில் இருக்கிறதா என்ற சந்தேகம் வருவது இயற்கைதானே.

தப்பு எங்கே நடந்தது என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. சீட்டில் எழுதியிருந்த 'உயர்ந்த மலைகள்' என்பதைக் கிரே அப்படியே நம்பிவிட்டார். சிகரங்களில் தேடினார். ஷார்ட்டியாவோ சிகரத்துச் செடியே அல்ல. மலையடிவாரப் பள்ளத்தாக்குகளில், ஓடைக்கரையில், ரோடோடெண்ட்ரான் புதர்களின் அடியில், ஈர நிழலில் தரையோடு தரையாகப் படர்வது. கடற்கரை ஊரான சார்ல்ஸ்டனிலிருந்து நாட்கணக்கில் நடந்து வருகிறவருக்கு முதல் மலைச்சரிவே உயர்ந்த மலையாகத் தெரிந்திருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காக இன்னொருவர் வருடக்கணக்கில் மலை உச்சிகளைச் சுற்ற வேண்டியதாயிற்று.

காட்டில் கிடைக்காத செடி வேறொரு இடத்தில் தலைகாட்டியது. ஜப்பானில்! ரஷ்யத் தாவரவியலாளர் மாக்ஸிமோவிச் 1868ல் ஜப்பானியச் செடி ஒன்றை ஸ்கைசோகோடன் என்ற பேரினத்தில் சேர்த்து விவரித்தார். அது மிஷோவின் காய்ந்த செடிக்கு அண்ணன் தம்பி முறை என்பது தெரியவந்தது. 1871ல் மாக்ஸிமோவிச்சே அதை ஷார்ட்டியா பேரினத்துக்கு மாற்றிவிட்டார். பசிபிக் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கிழக்கு ஆசியாவின் காடுகளுக்கும் கிழக்கு அமெரிக்காவின் காடுகளுக்கும் அதிசயமான உறவு இருக்கிறது என்று 1859லேயே எழுதியிருந்தவர் கிரே. அதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இதற்கு நடுவே, 1870ல், கிரே மேஜையில் உட்கார்ந்தபடியே ஒரு காரியம் செய்தார். டயாபென்ஸியேஸி என்ற சிறிய குடும்பத்தைப் பிரித்து மறுபடி கட்டினார். துருவப் பக்கத்துக் குட்டைச் செடியான டயாபென்ஸியா, அமெரிக்க மலைகளின் கேலாக்ஸ், ஜப்பானின் ஸ்கைசோகோடன், இன்னும் பூவே பார்த்திராத ஷார்ட்டியா எல்லாம் ஒரே குடும்பம் என்றார். இன்றைக்கும் அந்தக் குடும்பம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. கையில் ஒரு காயை வைத்துக்கொண்டு போட்ட கணக்கு!

பிறகு 1877 மே மாதம் வந்தது.

வட கரோலினாவில் மாரியன் என்ற ஊருக்குப் பக்கத்தில் கட்டாபா ஆற்றங்கரையில் 17 வயதுப் பையன் ஒருவன், பெயர் ஜார்ஜ் ஹயம்ஸ், இதுவரை பார்த்திராத ஒரு செடியைப் பூவோடு பறித்தான். அவனுடைய அப்பா மோர்டெகாய் ஹயம்ஸுக்கு மூலிகை வியாபாரத்தில் வேலை. மலை ஜனங்கள் கொண்டுவரும் வேரையும் இலையையும் வாங்கி, தரம் பிரித்து, மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கும் தொழில் அன்றைக்கு அந்தப் பக்கத்தில் பெரிய அளவில் நடந்தது. அப்பாவுக்கே அந்தச் செடி என்னவென்று தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் கிடந்த பிறகு, ரோட் தீவு மாநிலத்தில் இருந்த காங்டன் என்ற நண்பருக்கு அனுப்பினார். காங்டனுக்குப் பொறி தட்டியது. உடனே கிரேவுக்கு எழுதினார்.

கிரே பாரிஸில் அந்தத் தாளைப் பார்த்து அப்போது 39 வருடம் ஆகியிருந்தது. வயது 67. பூ எப்படி இருக்கும் என்று அவர் கணித்திருந்தாரோ அப்படியே இருந்தது. குடும்பம் சரி, பேரினம் சரி. அந்தச் சமயத்தில் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரைத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்திருந்தது. அதைவிட இந்தச் செடி கிடைத்ததே தனக்குப் பெரிய மகிழ்ச்சி என்கிற மாதிரி கடிதம் எழுதினார். 1879ல் மனைவியையும் நண்பர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு மாரியன் வரை போய், தரையில் படர்ந்திருந்த செடியை நேரில் பார்த்துவிட்டு வந்தார்.

வழக்கமாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். விடாமுயற்சி, வெற்றி, சுபம். ஆனால் கதை இங்கே முடியவில்லை. உண்மையில் இங்கேதான் ஒரு சிக்கல் ஆரம்பிக்கிறது.

கிரே பார்த்தது மிஷோ பறித்த அதே செடிதானா?

1886ல் கிரேவின் நண்பர் சார்ல்ஸ் ஸ்ப்ரேக் சார்ஜென்ட் (1879ல் கூட வந்தவர்களில் இவரும் ஒருவர்) மிஷோ விவரித்த ஒரு மக்னோலியா மரத்தைத் தேடித் தெற்கே போனார். வட கரோலினாவும் தென் கரோலினாவும் சந்திக்கிற எல்லைப் பக்கம், கியோவி ஆறு உற்பத்தியாகிற இடம். மக்னோலியாவைத் தேடப் போனவருக்குக் கிடைத்தது ஷார்ட்டியா. மாரியனிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் இடம் இது. அங்கே அது ஏராளமாக வளர்ந்திருந்தது.

மிஷோவின் பயணக் குறிப்பேட்டை அவருடைய மகன் 1824லேயே பிலடெல்பியாவிலிருந்த அமெரிக்கத் தத்துவக் கழகத்துக்குக் கொடுத்திருந்தார். சார்ஜென்ட் அதை 1889ல் அச்சிட்டார். 1788 டிசம்பர் 8ஆம் தேதிக் குறிப்பு, கியோவி ஆற்றின் தலைப்பில் செரோக்கி மக்களின் நாட்டில் எழுதியது. குளிர், மழை, பசி. அதற்கு நடுவிலும், விளிம்பில் பல் பல்லாக வெட்டிய இலை கொண்ட ஒரு புதுச் செடி ஆற்றுக்குப் பக்கத்தில் மலையில் படர்ந்திருப்பதாக எழுதுகிறார். பின்னால் வருகிறவன் கண்டுபிடிக்க வேண்டும் என்று, எந்த ஆறுகள் கூடுமிடம், எந்தப் பாதை என்றெல்லாம் வழி சொல்லியிருக்கிறார். ஆக, சீட்டில் ஒரு வரிதான். ஆனால் விலாசம் முழுசாகக் குறிப்பேட்டில் இருந்திருக்கிறது.

அதனால் சந்தேகம் தீர்ந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. மிஷோ கட்டாபா பக்கமும் போயிருக்கிறார். பிந்தைய பயணங்களில் மாரியனுக்கு அருகிலுள்ள டர்க்கி கோவ் என்ற இடத்தில் தங்கியிருக்கிறார். பாரிஸ் தாளில் இருக்கும் செடி வடக்கே கட்டாபாவில் எடுத்ததா, தெற்கே கியோவியில் எடுத்ததா? இது வெறும் வம்பு வழக்கல்ல. ஏன் என்று பார்ப்போம்.

தாவரவியலில் ஒரு சிற்றினத்தின் பெயர், காட்டில் இருக்கும் செடிகளோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. எந்த உலர்ந்த மாதிரியைப் பார்த்துப் பெயர் வைத்தார்களோ, அந்த ஒரு மாதிரியோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். நம்மூர் பாஷையில் சொன்னால் அந்தத் தாள்தான் மூலப் பத்திரம். நாளைக்குப் பாகப்பிரிவினை வந்து, ஒரே இனம் என்று நினைத்தது இரண்டு இனம் என்று ஆனால், மூலப் பத்திரத்தில் இருக்கும் செடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்குத்தான் பழைய பெயர். மற்றது புதுப் பெயர் தேடிக்கொள்ள வேண்டியதுதான். எது அழகானது, எது பிரபலமானது, எதை முதலில் உயிரோடு பார்த்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது.

பாகப்பிரிவினையும் வந்தது. 1952ல் டேவீஸ் என்ற தாவரவியலாளர் இரண்டு பக்கத்துப் பூக்களையும் ஒப்பிட்டார். வடக்கே கட்டாபாச் செடிகளின் பூவில் சூல்தண்டு குட்டை. தெற்கே இருப்பவற்றில் நீளம். ஆகவே வடக்கே உள்ளதை பிரெவிஸ்டைலா, அதாவது குட்டைச் சூல்தண்டு, என்ற ரகமாகப் பிரித்தார். தனி இனம் என்று சொல்லவில்லை, ஒரே இனத்துக்குள் ஒரு ரகம், அவ்வளவே.

1983ல் ஸானர், ஜோன்ஸ் என்ற இருவர் மிஷோவின் குறிப்பேட்டை நிலத்தோடு ஒட்டிப் பார்த்து, மூல மாதிரி எடுத்த இடம் எது என்ற கேள்விக்கென்றே ஒரு கட்டுரை எழுதினார்கள். விடை தெற்குப் பக்கம், கியோவியின் தலைப்பு. ஆனால் அவர்கள் போய்ப் பார்க்க அங்கே நிலம் இல்லை. டாக்ஸவே ஆறும் ஹார்ஸ்பாஸ்ச்சர் ஆறும் கூடுகிற பள்ளத்தாக்கை 1973ல் ஒரு மின் நிறுவனம் கட்டிய ஜொக்காஸி அணையின் ஏரி மூழ்கடித்துவிட்டது. உலகத்தில் ஷார்ட்டியா கேலாசிஃபோலியா மிக அடர்த்தியாக வளர்ந்த கரைகள் அவை. அந்தச் செடிகளில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். 1788ல் மிஷோ அவ்வளவு கவனமாக எழுதி வைத்த வழியைப் பிடித்து இன்று போகிறவர்கள் படகில்தான் போக வேண்டும்.

அணை கட்டுவதற்கு முன்பே செடிகளைப் பெயர்த்து வேறு இடங்களில் நட்டவர்கள் உண்டு. தோட்டங்களில் இன்று ஷார்ட்டியா பிழைத்திருக்கிறது. ஏரிக்கரையில் டெவில்ஸ் ஃபோர்க் பூங்காவில் அதன் பெயரிலேயே ஒரு நடைபாதை இருக்கிறது. மார்ச் கடைசியில் அந்தப் பக்கத்து ஜனங்கள் குழந்தைகளோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பளபளப்பான வட்ட இலைகளுக்கு மேலே, ஒரு காம்புக்கு ஒரு பூவாக, தலை கவிழ்ந்த வெள்ளை மணி. ஊர்ப்பெயர் ஓக்கோனி மணி.

கடைசித் திருப்பம் 2019ல். காடி உள்ளிட்ட அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் இரண்டு பக்கத்துச் செடிகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டேவீஸ் சூல்தண்டில் கண்ட வித்தியாசம் மேலோட்டமானதல்ல. இரண்டும் நீண்ட காலமாகப் பிரிந்து வாழ்கிறவை. எனவே வடக்குச் செடியை ரகத்திலிருந்து உயர்த்தி, ஷார்ட்டியா பிரெவிஸ்டைலா என்று தனிச் சிற்றினமாக்கினார்கள். உலகத்திலேயே கட்டாபாவின் தலைப்புப் பகுதியில் மட்டும் இருக்கும் செடி அது. ரகமாக இருந்தவரை, தெற்கே நிறைய இருக்கிறதே என்று சொல்லிவிடலாம். தனி இனமான பிறகு அந்தச் சமாதானம் செல்லாது. அந்தச் சில ஓடைக்கரைகள் போனால் அந்த இனமே போயிற்று. 1877க்குப் பிறகு ஆர்வலர்களும் நர்சரிக்காரர்களும் மாரியன் பக்கம் வந்து பெயர்த்துக்கொண்டு போனதை நினைத்தால், இவ்வளவாவது மிஞ்சியதே ஆச்சரியம்.

இந்தப் புதுக் கணக்கின்படி பார்த்தால் கிரேவின் கதையே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. 1878ல் அவர் கைக்கு வந்த பூ, அவருடைய கணிப்பை எல்லாம் உறுதி செய்த பூ, கேலாசிஃபோலியாவின் பூ அல்ல, பிரெவிஸ்டைலாவின் பூ. 1879ல் மனைவியோடு போய்ப் பார்த்த செடியும் அவர் பெயரிட்ட இனமல்ல. பேரினம் சரி, குடும்பம் சரி, ஆள் மட்டும் வேறு :-). அந்தப் பையன் ஜார்ஜ் ஹயம்ஸ் 'தொலைந்த செடியை மீட்டவன்' என்றுதான் எல்லாப் புத்தகங்களிலும் வருகிறான். இந்தக் கணக்கில் அவன் எதையும் மீட்கவில்லை. யாரும் அறியாத ஒரு இனத்தை முதன்முதலாகக் கண்டுபிடித்திருக்கிறான், அதைவிடப் பெரிய காரியம். அது யாருக்கும் தெரிய 142 வருடம் ஆகியிருக்கிறது.

மிஷோவின் செடியை மீட்டவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அது 1886ல் வேறு மரத்தைத் தேடிப்போன சார்ஜென்ட்தான். அப்போது கிரே உயிரோடு இருந்தார். 1888 ஜனவரியில் காலமானார். இரண்டு இடத்துச் செடிகளும் ஒன்றல்ல என்று அவர் சந்தேகப்பட எந்தக் காரணமும் இருக்கவில்லை. பாரிஸ் தாளில்தான் பூவே கிடையாதே.